நிகர எடை

லோடு வண்டி எடையில்
காலி வண்டி எடையைக் கழித்தால் கல்.
பதினாறு வருஷமாக எனக்குத் தெரிந்த கணக்கு இது ஒன்றுதான்.
கருப்பூர் போகும் வழியில், வெள்ளைக்கல் சுரங்கத்துக்கு எதிரே
எடைமேடைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
சீட்டு கிழித்துக் கொடுப்பவள் நான்.

அன்றைக்கு ராத்திரி இரண்டு தட்டுவடை செட்டு.
பீட்ரூட் துருவல் இன்னும் பல்லிடுக்கில் இருந்தது,
வலது விலாவுக்குக் கீழே யாரோ ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள்.
வலி முதுகில் ஏறி
தோள்பட்டையில் போய் நின்றது.
வாயு என்றார் வீட்டுக்காரர்.
சோடா வாங்கி வந்தார்.
மூன்று மணிக்கு ஏப்பம் வந்தது, வலி போகவில்லை.

ஐந்து ரோட்டில் ஸ்கேன்.
வயிற்றில் தடவிய பசை ஏற்காட்டு மார்கழி.
"பித்தப்பையில கல், நாலஞ்சு இருக்கும்.
கல்லீரல்ல கொழுப்பு, ரெண்டாவது கிரேடு"
திரையைப் பார்த்தே சொன்னாள் அந்தப் பெண்,
நான் லாரி நம்பர் வாசிக்கிற அதே குரலில்.

பேர் மாற்றி வைத்துவிட்டார்களோ.
கல் என்று பேரில் வைத்திருக்கும் ஈரல்
வெண்ணெயாகிக் கிடக்கிறது.
தண்ணீராய் ஓட வேண்டிய பித்தம்
கல்லாகிக் கிடக்கிறது.

"குடிப்பழக்கம் உண்டா?"
டாக்டர் தலை நிமிராமல் கேட்டார்.
பக்கத்து நாற்காலியில் குப்புராஜ்
சட்டைப் பையைத் தடவினார், எதையும் எடுக்காமல்.
போன மாசம் அவருக்கு எடுத்த ஸ்கேன் சுத்தம்.
இதை நான் எந்த மேடையில் ஏற்றி எடை போட?

மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தார் டாக்டர்.
மிஞ்சுகிற சர்க்கரையும் எண்ணெயும் ஈரலில் வந்து இறங்குகிறது.
இடம் போதாத ஈரல்
பித்தத்தில் கொழுப்பைக் கூடுதலாகக் கலந்து அனுப்புகிறது.
பை சுருங்கச் சோம்பினால் வண்டல்,
வண்டல் இறுகினால் கல்.
ஒன்றால் ஒன்றா என்று கேட்டேன்.
கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.
ஒரே குவாரி, இரண்டு வண்டி
என்று நானே புரிந்துகொண்டேன்.

"சமீபத்துல எடை குறைச்சீங்களா?"
குறைத்தேன்.
நாத்தனார் மகள் கல்யாணத்துக்காக
இரண்டு மாசம் ராத்திரிக்கு வெறும் வெந்நீர்.
பதினொரு கிலோ.
பட்டுச்சேலையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
"அவ்வளவு வேகமா குறைச்சாலும் கல் வரும்."
ஏற்றினாலும் கல், இறக்கினாலும் கல்.
மலைப்பாதையில் இறங்கும்போதுதான் பிரேக் தீயும் என்று
டிரைவர் சின்னப்பையன் சொல்வது
அப்போது ஞாபகம் வந்தது.

பையோடு எடுத்துவிட்டார்கள்.
நாலு ஓட்டை, மூன்று நாள்.
"கல்லு போச்சு, கவலை விட்டுச்சு" என்று வந்தவர்கள்
ஜவ்வரிசிப் பாயசம் கொண்டுவந்தார்கள், நெய் மிதக்க.
ஈரலை ஒருவரும் விசாரிக்கவில்லை.
அது வலிக்காது.
டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசி வரியில் இருந்தது:
தினமும் நாற்பது நிமிடம் நடக்கவும்.

வேலைக்குத் திரும்பிய அன்று
பிளாஸ்டிக் டப்பியோடு போனேன்.
ஐந்து கல். கம்மல் கல் அளவு, பழுப்பேறிய மஞ்சள்.
வண்டி வராத நேரம் பார்த்து
எடைமேடை நடுவில் வைத்துவிட்டு
கூண்டுக்குள் வந்து பார்த்தால்
பூஜ்யம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே இந்த மேடைக்குக் கண் தெரியாது.

சின்னப்பையனைக் கூண்டில் உட்காரச் சொல்லி
நான் ஏறி நின்றேன்.
"எழுபதுங்கக்கா."
கொஞ்சம் பொறுத்து, "எண்பது."
மறுபடி எழுபது.
"ஆடாம நில்லுங்கக்கா."
பதினாறு வருஷம் ஆடாமல் இருந்ததில் வந்ததுதானே இது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் ஒரு டாரஸ் ஹாரன் அடித்தது.

டப்பியைப் பொறுக்கிக்கொண்டு இறங்கினேன்.
பூஜ்யத்துக்கு வர
வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்தது மேடை.